கேத்தூராள் சொன்ன ஜெபம்

எங்கள் ஊரில் கல்யாணம் செய்துவைக்கிறவரும் தூக்குக்கு அனுப்புகிறவரும் ஒரே ஆள். போதகர் கல்யாணம் நடத்துவது போப்பின் ஆட்களுடைய வழக்கம், எங்களுக்கு நீதிபதிதான். அவரும் கடற்கரைப் பட்டணத்திலிருந்து குதிரையேறி வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வருவார். பனி உருகியதும் ஒரு தடவை, ஆப்பிள் பறித்து முடிந்ததும் ஒரு தடவை. எங்கள் கிரேன் புரூக்கில் காதலிக்கிறவனுக்குப் பொறுமை வேண்டும்.

எனக்கு நாற்பது வயது. பீப்பாய் செய்கிறவன், பெயர் எலிப்பேலேத். கேத்தூராள் விதவை, என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவள் சிரித்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் மேய்கிற மாடு திரும்பிப் பார்க்கும். அந்தச் சிரிப்பில் விழுந்தவன் நான். ஊர் கூடி ஜெபிக்கிற சபை வீட்டுக் கதவில் எங்கள் கல்யாண அறிவிப்பை மூன்று வாரமாக ஒட்டியிருந்தார்கள். போகும்போதும் வரும்போதும் நின்று படிப்பேன். நான் எழுத்துப் படித்ததே அதற்குத்தான் போலிருந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. உடைத்தவர் பக்கத்து நிலத்து ஒபதியா.

விழுந்த வேலியை யார் கட்டுவது என்று அவருக்கும் கேத்தூராளுக்கும் ஏழு வருஷச் சண்டை. யாரும் கட்டவில்லை. அந்த வழியாக அவர் பன்றி புகுந்து அவளுடைய பூசணிக் கொடிகளைத் துவம்சம் செய்தது. தன் பன்றி வரவேயில்லை என்று ஒபதியா சாதித்தார். நாலு பேர் பார்க்க இவள் கத்தினாள்.

"பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவங்களைப் பாத்திருக்கேன், பன்னி வயித்துல மறைக்கிறவரை இப்பத்தான் பாக்குறேன்! திங்கட்டும் ஒபதியாண்ணே, வயிறு வெடிக்கத் திங்கட்டும்!"

நான்காம் நாள் பன்றி வயிறு வெடிக்காமலே செத்துப்போனது. அதே வாரம் ஒபதியா வீட்டில் மூன்று நாள் கடைந்தும் வெண்ணெய் வரவில்லை. முந்தின வருஷமாக இருந்தால் செத்த பன்றி செத்த பன்றிதான். ஆனால் அந்தக் கோடையில் போஸ்டனுக்கு வடக்கே சேலம் கிராமத்து ஆட்களைச் சூனியக்காரர்கள் என்று சொல்லி வரிசையாகத் தூக்கில் போட்டிருந்தார்கள். ஊசி நூல் விற்க வந்த வியாபாரி அந்தக் கதையையும் எங்கள் ஊரில் இறக்கிவிட்டுப் போனான். அதன்பிறகு யாருக்காவது இருமல் வந்தால்கூட, யார் கண் பட்டது என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒபதியா கெட்டவரல்ல, பயந்தவர். பயத்தோடு பழைய கோபமும் சேர்ந்துகொள்ள, நீதிபதி வந்து இறங்கிய காலையிலேயே புகாரை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

என் அக்கா தொர்காள் கல்யாண ரொட்டியை அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்திருந்தாள். கல்யாணத்துக்குக் கூடிய கூட்டம் அப்படியே சபை வீட்டில் விசாரணைக்கு உட்கார்ந்தது. கல்யாணத்துக்கென்று தைத்த வெள்ளைக் கழுத்துப்பட்டியோடு கேத்தூராள் வந்தாள். காவலன் அவள் கைகளைக் கயிற்றால் கட்டியிருந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போனேன்.

"கேத்தூரா, இன்னிக்கு ஒரு நாளைக்கு வாயை அடக்கு," என்றேன் அவள் காதருகே.

"எலி, என் வாயைப் பாத்துத்தானே நீ வந்த? இப்ப அடக்கச் சொன்னா எப்படி?"

நீதிபதி தொண்டையைச் செருமினார். "பன்னியைச் சபிச்சியா?"

"சபிக்கலை ஐயா. விருந்து வெச்சேன். நாலு பூசணி."

"வெண்ணெய் ஏன் வரலை?"

"பால்ல தண்ணி ஊத்தினா எப்படி ஐயா வரும்?"

பின்வரிசையில் யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்தினார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லச் சொன்னார். சூனியக்காரியால் அதைப் பிழையில்லாமல் சொல்ல முடியாது என்பது அவர் நம்பிக்கை. எங்கள் நம்பிக்கையும் அதுதான், பொய் சொல்வானேன். எனக்கு உயிர் திரும்பி வந்தது. குழந்தையிலிருந்து சொல்கிற ஜெபம், இவளா தடுமாறுவாள்?

அவள் தடுமாறவே இல்லை. கடகடவென்று சொல்லிக்கொண்டு வந்தாள். "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல், தீமையினின்று எங்களைப் பட்சித்துக்கொள்ளும்."

நீதிபதியின் முகம் வெளுத்தது. எழுத்தருடைய இறகுப் பேனா நின்றது. ஏன் என்று எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு," என்றார்.

முன்பைவிடத் தெளிவாகச் சொன்னாள்.

"தின்னுடுன்னா கேக்குற? சபை வீட்டுக்குள்ள, என் முன்னாடியே? ரட்சித்து! ரட்சித்துக்கொள்ளும்!" மேசையைத் தட்டினார். "எழுதிக்கோப்பா. இவளை போஸ்டன் சிறைக்குக் கொண்டுபோகணும்."

நான் அந்த ஜெபத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பட்சித்துக்கொள்ளும் என்றுதான் வந்தது. மறுபடி சொன்னேன், மறுபடியும் அதுவே. வாயைத் திறந்தால் எனக்கும் ஒரு கயிறு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் உட்கார்ந்தேதான் இருந்தேன். பிறகு காவலன் அவளைக் கதவுப் பக்கம் திருப்பினான். எழுந்துவிட்டேன்.

"ஐயா, நானும் அப்படித்தான் சொல்வேன்."

"இவனையும் கட்டு!"

"அப்ப என்னையும் கட்டுங்க. நானும் அதையேதான் சொல்றேன்," என்று தொர்காள் எழுந்தாள்.

காவலன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். "ஐயா, எனக்கும் அப்படித்தான் வருது."

நீதிபதி ஒபதியாவைப் பார்த்தார். "நீங்கதான் இங்க கர்த்தருக்குப் பயந்த மனுஷன். இவங்களுக்கு ஒழுங்கா சொல்லிக் காட்டுங்க."

ஒபதியா கைகூப்பி, கண்மூடி, கூரை அதிரச் சொன்னார். பட்சித்துக்கொள்ளும் என்பதைக் கூடுதலாகவே அழுத்தினார். முடித்ததும் பெருமையாகச் சுற்றிப் பார்த்தார்.

அப்போது சபைக் காரியங்களைப் பார்க்கிற டீக்கன் ஆபகூக் தடியூன்றி எழுந்தார். ஊரில் எல்லோருக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர், எண்பது வயது. "என்ன ஐயா குழப்புறீங்க? நாப்பது வருஷமா நான் சொல்லிக்குடுக்குற பலகையிலேயே இருக்கே," என்று மேலங்கிக்குள்ளிருந்து தன் எழுத்துப் பலகையை எடுத்து நீட்டினார். ஊருக்கே ஒரே பலகை. ஜெபத்தாளை ஒட்டி, மேலே எழுத்துத் தெரிகிற மெல்லிய மாட்டுக்கொம்புத் தகடு அடித்தது. நீதிபதி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எந்தக் காலத்திலோ மெழுகுவர்த்தி பட்டுத் தகடு கருகியிருந்தது, சரியாக ஓரெழுத்தின்மேல். மறைந்த எழுத்தை ‘ப’ என்று டீக்கன் தானாக நிரப்பிக்கொண்டிருக்கிறார். எங்கள் சபையில் மனப்பாட ஜெபம் கிடையாது. வருகிற போதகர் மனதில் தோன்றுவதை இரண்டு மணி நேரம் ஜெபிப்பார். இந்த ஜெபம் வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டதால் பிழையைக் கேட்க ஆளில்லை.

"நாப்பது வருஷமா," என்றார் நீதிபதி மெதுவாக, "இந்த ஊரே கூடி, கர்த்தரே எங்களைத் தின்னும்னு கேட்டுக்கிட்டிருக்கு."

"அவரும் நாப்பது வருஷமா தின்னாமலே இருக்காரே ஐயா!" என்றாள் கேத்தூராள். "கேட்டதைக் குடுக்காததுக்கும் நன்றி சொல்லணும்ல?"

நீதிபதியின் சிரிப்பு முதலில் மூக்கு வழியாக வந்தது. பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபை வீட்டில் சிரித்தால் எங்கள் ஊரில் தண்டனை உண்டு. அன்று யார் யாரைத் தண்டிப்பது? டீக்கனே பொக்கை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"இதுதான் சாட்சின்னா ஊர் மொத்தத்தையும் தூக்குல போடணும், உங்களையும் சேர்த்து," என்றார் நீதிபதி ஒபதியாவிடம். "இப்ப என்ன சொல்றீங்க?"

"பூசணி ஜாஸ்தி தின்னுதான் பன்னி போயிருக்கும் ஐயா."

"வெண்ணெய்?"

"தண்ணி... கொஞ்சமாத்தான் ஊத்தினேன்."

புகாரை ஒபதியாவே வாங்கிக் கிழித்தார். நீதிபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு குதிரையைக் கொண்டுவரச் சொன்னார். கேத்தூராள் கட்டிய கைகளை நீட்டினாள். "ஐயா, இதை அவுக்கச் சொல்லுங்க. அப்புறம் வந்த வேலையை முடிச்சுட்டுப் போங்க."

அதே மேசை, அதே கூட்டம். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று என்னைக் கேட்டார். சரி என்று இரண்டு தடவை சொன்னேன். அவளைக் கேட்டார். அத்தனை கேள்விக்கும் சுடச்சுடப் பதில் சொன்னவள் வாயைத் திறந்து மூடினாள். நான் பிடித்திருந்த அவள் கையில் கயிற்றுத் தடம் சிவந்திருந்தது. அந்தக் கை என் விரல்களை நெரித்தது. காலையிலிருந்து அவள் பயந்துகொண்டேதான் இருந்திருக்கிறாள். நான் நிலைகுலையக் கூடாதென்றுதான் அத்தனை வேடிக்கைப் பேச்சும். மடையன் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"மெதுவா சொல்லும்மா," என்றார் நீதிபதி.

"எலி," என்றாள் என்னைப் பார்த்து, கண் நிறைய நீரோடு. "நான் உசுரோடதானே இருக்கேன்?"

"இருக்க."

"அப்ப சரி," என்றாள் அவள். "சரின்னு எழுதிக்கோங்க ஐயா."