பொறுப்பாளர் எண்

கண்ணாடிக் கடையில் அவள் கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுத்துப் பலகையை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"எனக்குப் பார்வை நல்லாத்தான் இருக்கு. ரெண்டு வார்த்தை பேசணும். எங்க அக்கா வெளிய உட்கார்ந்திருக்காங்க, கதவு திறந்தே இருக்கட்டும்."

பள்ளி வேன் ஓட்டுகிறவராம். நிக்காஹ் வரன் தேடும் இணையதளத்தில் அவள் விவரத்தைப் பார்த்து, அதிலிருந்த பொறுப்பாளர் எண்ணுக்கு ஸலாம் சொல்லி எழுதியிருக்கிறார். வேறு இடம் முடிந்துவிட்டது, தொந்தரவு வேண்டாம் என்று பதில் வந்ததாம். மூன்று மாதமாகியும் தளத்தில் அவள் விவரம் அப்படியே கிடக்க, அக்காதான் கடையை விசாரித்துக் கூட்டி வந்திருக்கிறாள்.

"உங்களுக்கே வேண்டாம்னா சொல்லிடுங்க. இப்பவே கிளம்பிடுறேன்."

"எனக்கு இது தெரியவே தெரியாது" என்றாள்.

அது அவள் அண்ணன் எண். விவாகரத்தாகி நான்கு வருடம் கழித்து, ஒளிவுமறைவு எதற்கு, எல்லாம் முறைப்படி வீட்டுப் பெரியவர் வழியாகவே வரட்டும் என்று அவளே போட்டது. யாரும் எழுதவில்லை என்று அவன் சொல்லும்போதெல்லாம், தனக்குத்தான் கொடுப்பினை இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கையை நீட்டினாள். "போனைக் குடு."

அண்ணன் கொடுத்தான். பதினொரு பேர் எழுதியிருந்தார்கள். சிலருக்கு, இடம் முடிந்துவிட்டது என்று பதில். ஒருவருக்கு, "அடங்காதவள், உங்கள் குடும்பத்துக்கு ஒத்துவராது."

"நான் அடங்காதவளா?"

"கடையில சாமான் தேடுற மாதிரி போன்ல மாப்பிள்ளை தேடுறே. வேற என்னன்னு சொல்றது? நாலு பேர் முகத்துல முழிக்கிறது நான்."

"திருட்டுத்தனமா பேசியிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமா? உன்னை நம்பித்தானே உன் நம்பரைப் போட்டேன்."

"நான் பார்த்து வச்சவன் சரியில்லைன்னு ஊருக்கே தண்டோரா போடுறே. அதைச் சொல்லு."

நான்கு வருடமாக அவனுக்குள் புழுங்கியது இதுதானா? அந்தப் புருஷனிடம் அடி வாங்கியது அவள்; தழும்பு இவனுக்கு.

அங்கேயே நின்று தன் விவரத்தில் அவன் எண்ணை அழித்து, தகப்பனின் தம்பியான சாச்சாவின் எண்ணைப் போட்டாள்.

"நான் இருக்கும்போது சாச்சாவா? அவருக்கும் நமக்கும் பேச்சே இல்ல. அவர் வாசப்படி மிதிச்சா நான் இந்த வீட்ல இல்ல."

அவள் சாச்சாவை அழைத்து, ஒலிபெருக்கியில் வைத்தாள். அண்ணன் வாசலில் ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான். அடுப்படியிலிருந்த அண்ணி, பேச்சு காதில் விழட்டும் என்று, எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.