ரெண்டு ப்ளொகாமி

அந்தக் கிரேக்கத் தீவில், எட்டுக் கை உள்ள பேய்க்கணவாயின் கைக்கு ப்ளொகாமி என்று பேர். பெண்பிள்ளையின் பின்னலுக்கும் அதே பேர்தான். கஞ்சர்கள், சொல்லில்கூடச் சிக்கனம்.

படகு கவிழ்ந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது. ஏழு உடல்கள் கரை ஒதுங்கின. கலியோப்பியின் மகள் செவாஸ்தி மட்டும் வரவில்லை. ஒன்பதாம் நாள் செத்தவர் பேரில் கோதுமை வேகவைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். கலியோப்பி கோதுமைப் பானையைத் தொடவே இல்லை. ஏதாவது கப்பல் பெண்ணைக் காப்பாற்றி ஏற்றிப் போயிருக்கும் என்று சாதித்தாள்.

அவளை அரித்தது வேறு. அன்று காலை பட்டணத்துக்குக் கிளம்பும்போது, "ஒத்தைப் பின்னலே போதும்மா, படகு போயிடும்" என்று செவாஸ்தி கெஞ்சினாள். "பட்டணத்துக்காரி சிரிப்பாடி, உக்காரு" என்று இழுத்துவைத்து இரட்டையாகப் பின்னிவிட்டவள் இவள்தான். அதற்குள் முதல் படகு போய்விட்டது. கவிழ்ந்தது இரண்டாவது படகு.

கொழுந்தன் ஸ்தமாத்தி, அடியில் கண்ணாடி பதித்த வாளியைத் தண்ணீரில் அழுத்தி, தினமும் கடலடியில் அவளைத் தேடினான். இன்று நடுப்பகலில் பாறைப் பக்கமிருந்து அவன் குரல் வந்தது.

"ப்ளொகாமி!"

சாப்பாட்டுக்கடை பந்தெலி துறையில் கரி அடுப்பை விசிறிக்கொண்டிருந்தான். அவனுக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது.

"எத்தனைடா?"

"ரெண்டு!"

"ரெண்டா? மிச்சம் ஆறையும் நீயே முழுங்கிட்டியாடா, பாவி?"

துறையே சிரித்தது. ஒன்பது நாள் சிரிக்காத ஊர், பாவம், அடக்க முடியவில்லை.

துறைப் படியில் உட்கார்ந்திருந்த கலியோப்பி சிரிக்கவில்லை. அவள் விரல்கள் மடியில் தாமாகவே மூன்று புரியைப் பின்னிக்கொண்டிருந்தன.

படகு நெருங்கியது. ஸ்தமாத்தி தொப்பியைக் கழற்றியிருந்தான். பாய்த்துணியால் எதையோ மூடியிருந்தான். துணிக்கு வெளியே ஈரமாக இரண்டு பின்னல்கள் தொங்கின. முடிச்சு அவிழவே இல்லை. அத்தனை இறுக்கிக் கட்டியிருந்தாள் பெற்றவள்.

"அண்ணி..." என்றான் ஸ்தமாத்தி.

பந்தெலி தான் சொன்னதை நினைத்துக் கூசிப்போய், அடுப்பில் கொட்டத் தண்ணீர் வாளியைத் தூக்கினான். கலியோப்பி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அணைக்காதே பந்தெலி. கோதுமை வேகவைக்கணும்."