மூடி போட்ட டம்ளர்

"அம்மா நல்லா இருக்காங்களா?"

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதலாளி என்னிடம் கேட்டது இந்த ஒரு கேள்விதான். அம்மா நன்றாகத்தான் இருந்தாள். அன்று காலையில்கூட, தலையை ஒழுங்காகப் பின்னத் தெரியவில்லை என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பியிருந்தாள். அதனால் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். நான் கேட்டதாகச் சொல்லு என்று சிரித்துவிட்டு முதலாளி காரில் ஏறிப் போனார். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரின் கையிலிருந்த அளவு டேப் நழுவிக் கீழே விழுந்தது.

எங்கள் அம்மாவை அவருக்குத் தெரியவே தெரியாது என்று அப்போதே சொல்லியிருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் என் வாய் அப்படிப்பட்ட வாய் இல்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்லக்கூட எனக்குக் குரல் எழும்பாது. முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே வருஷத்தில் பாதி நாள் ஆப்சென்ட் வாங்கியவள் நான். எப்படியும் ஆப்சென்ட்தானே என்று பத்தாவதில் நிஜமாகவே நின்றுவிட்டேன்.

நாங்கள் வேலை செய்தது சட்டைக் கம்பெனியின் கடைசி அறையில். தைத்த சட்டைகள் அங்கேதான் முழுசாகும். பொத்தான் துளைக்குக் காஜா என்று பெயர், அதைப் போடும் மெஷினில் உட்கார்ந்திருந்ததால் அந்த அக்காவுக்கும் காஜா அக்கா என்றே பெயர். இஸ்திரி அண்ணன் தேய்த்து மடிப்பார். எனக்குப் பிசிர் வெட்டும் வேலை. தையலில் துருத்திக்கொண்டிருக்கும் நூல் நுனிகளைச் சின்னக் கத்தரியால் நறுக்க வேண்டும். பிசிர் வெட்டுகிறவர்கள் எல்லோரும் தரையில் பாய் விரித்து, சட்டைக் குவியலுக்கு நடுவே தலை மட்டும் தெரிய உட்கார்ந்திருப்பார்கள்.

நான் பாயில் உட்காரப் போனேன். சூப்பர்வைசர் ஓடிவந்து தடுத்தார். எல்லோரையும் 'ஏய்' என்று கூப்பிடுகிறவர், என்னைக் 'கண்ணு' என்றார். கீழே உட்கார்ந்தால் இடுப்பு வலிக்குமாம். தன்னுடைய மெத்தை நாற்காலியைத் தானே தூக்கிவந்து ஃபேனுக்குக் கீழே போட்டார். சாயங்காலம் டீ வந்தபோது மற்றவர்களுக்குத் தட்டில் கண்ணாடி கிளாஸ்கள். எனக்கு மட்டும் மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர். அதை வேறு யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு. அவரே கழுவி அலமாரியின் மேல்தட்டில் தனியாகக் கவிழ்த்துவைத்தார்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். தனி டம்ளர் என்றதும் அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். எங்கே வைக்கிறார்கள் என்று கேட்டாள். மேல்தட்டில், மூடியோடு என்றேன்.

"எந்தத் தட்டுல வெச்சா என்னடி. பக்கத்துல உக்காந்து யாரு குடிக்கிறா, அதைச் சொல்லு."

யாரும் இல்லை. அப்போதுதான் அது எனக்கே உறைத்தது.

மதியம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கை போகும். நான் கிட்டே போனால் பேச்சு பட்டென்று நின்று, வெளியே வெயில் எப்படி என்பதில் ஆரம்பிக்கும். முதலாளிக்கு வேண்டப்பட்டவள், அவரிடம் போட்டுக்கொடுத்துவிடுவேன் என்ற பயம். ஒருநாள் துணிந்து வட்டத்தில் உட்கார்ந்தேன். உடனே அத்தனை பேரும் கை கழுவ எழுந்து போனார்கள். இஸ்திரி அண்ணன் அதுவரை டப்பாவைத் திறக்கவேயில்லை. அவரும் கை கழுவப் போனார்.

அந்த வட்டத்தில் இடம் பிடிக்க ஒரு வழி இருப்பதைக் கவனித்தேன். சூப்பர்வைசரிடம் யார் திட்டு வாங்கினாலும் அன்றைக்கு அவளைத்தான் நடுவில் உட்காரவைப்பார்கள். அவளுக்குத்தான் எல்லா டப்பாவிலிருந்தும் ஒரு வாய் வரும். ஆக, எனக்கு வேண்டியது ஒரு நல்ல திட்டு.

மறுநாள் வேண்டுமென்றே தாமதமாகப் போனேன். சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைத் திட்டினார். அறிவு கெட்டது, தறிகெட்டு ஓடுகிறது என்று ஸ்டூலில் ஏறி முள்ளைப் பின்னால் தள்ளிவைத்தார். அன்று சாயங்காலம் எல்லோருக்கும் மணி அடிக்கத் தாமதமானது. காஜா அக்கா பஸ்ஸை விட்டாள். கிளம்பும்போது என் செருப்பைக் காணோம். தேடியதில் கழிவுத் துணி மூட்டைக்கு அடியில் கிடைத்தது. மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. என் பொருளை யாரோ தொட்டிருக்கிறார்கள்.

அடுத்து, ஒரு சட்டைப் பாக்கெட்டின் அடியையே வெட்டி அவர் முன்னால் கொண்டுபோய் நீட்டினேன். இதற்கு முந்தின வாரம் காஜா அக்கா ஒரு துளை கோணலாகப் போட்டதற்கு, கண்ணு பின்னால் இருக்கிறதா என்று பொழுது சாயும்வரை கத்தியவர் அவர். பாக்கெட்டுக்குள் இரண்டு விரலை விட்டார். விரல்கள் கீழே எட்டிப் பார்த்தன. அவற்றை ஆட்டிப் பார்த்தார்.

"காத்தோட்டமா இருக்கே. யோசிச்சு செஞ்சிருக்க கண்ணு."

அந்தச் சட்டையை எங்கள் அறை வாசலில் நிற்கும் தலையில்லாத பொம்மைக்கு மாட்டிவிட்டார். காஜா அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் நூல் நுனியாக இருந்திருந்தால் துண்டாகியிருப்பேன்.

முதலாளி மறுபடி வந்த அன்று சூப்பர்வைசர் அவரை நேராகப் பொம்மையிடம்தான் கூட்டிவந்தார். பாக்கெட்டில் காற்றோட்டம் சார், நம்ம பொண்ணோட யோசனை என்றார். முதலாளி தன் பேனாவை எடுத்து அந்தப் பாக்கெட்டில் போட்டார். அது கீழ்வழியாக வந்து அவர் காலடியில் விழுந்தது. பேனாவைப் பார்த்தார், பாக்கெட்டைப் பார்த்தார். எந்தப் பொண்ணு என்று கேட்டார்.

சூப்பர்வைசர் என் நாற்காலியைக் கை காட்டினார். முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அம்மா நல்லா இருக்காங்களா?"

காஜா மெஷின் நின்றது. இஸ்திரிப் பெட்டி நின்றது. தலையை ஆட்டினால் நாற்காலி, ஃபேன், டம்ளர் எல்லாம் அப்படியே இருக்கும். வாயைத் திறந்தால் வேலையே போகலாம். மேல்தட்டில் என் டம்ளர் மட்டும் தனியாகக் கவிழ்ந்திருந்தது. எழுந்து நின்றேன்.

"எங்க அம்மாவை உங்களுக்குத் தெரியுமா சார்?"

எலிக்குஞ்சு மாதிரிதான் குரல் வந்தது. மெஷின் நின்ற அறைக்கு அது போதுமானதாக இருந்தது.

"தெரியாதேம்மா," என்றார் முதலாளி. "எனக்கு யாரு பேரும் ஞாபகத்துல நிக்காது. எல்லாருக்கும் அம்மான்னு ஒருத்தங்க இருப்பாங்கல்ல, அதனால அதையே கேட்டுடுவேன். நேத்து வாட்ச்மேன்கிட்ட கேட்டேன், பாவம் அழுதுட்டாரு."

பாக்கெட்டைத் தைக்கச் சொல்லிவிட்டு, பேனாவைத் துடைத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

நான் தலையைக் குனிந்து, கையைக் கட்டி, திட்டு வாங்கத் தயாராக நின்றேன். சூப்பர்வைசரின் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. கடிகாரம், பாக்கெட், தினமும் டம்ளர் கழுவியது எல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். விறுவிறுவென்று தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இவ்வளவு செய்தும் ஒரு திட்டுகூட இல்லையா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காஜா அக்கா மெஷினை விட்டு எழுந்து வந்தாள்.

"ஏண்டி அமுக்குணி, இதை மொத நாளே சொல்றதுக்கென்ன? உன்னால நான் பஸ்ஸை விட்டேன். நீ பாக்கெட்டை வெட்டினா காத்தோட்டமாம், நான் ஒரு துளை கோணலா போட்டா என் கண்ணு பின்னால இருக்காம். வாயில என்னத்தைடி வெச்சிருந்த இத்தனை நாளா?"

சொல்லிவிட்டு என் உச்சந்தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். அந்த அறையில் என்மேல் பட்ட முதல் கை அதுதான். வலியில் உயிர் போனது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லூசு, சிரிக்குது பாரு என்று இஸ்திரி அண்ணனும் தன் பங்குக்குத் திட்டினார். ஆளுக்கொன்றாக எல்லோரும் திட்டினார்கள். மதிய மணி அடிக்கும்வரை திட்டினார்கள்.

சாப்பாட்டு நேரத்தில், "குத்துக்கல்லு மாதிரி நிக்காம உக்காரு," என்று காஜா அக்கா நகர்ந்து பாயில் இடம் விட்டாள். என் டப்பாவுக்குள் மூன்று பக்கத்திலிருந்தும் கை வந்தது. சாயங்காலம் டீ வந்ததும் மறுபடி வட்டமாக உட்கார்ந்தோம். காஜா அக்கா தன் கிளாஸில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினாள். அதில் வாய் வைக்கும்போது சூப்பர்வைசரின் கதவு திறந்தது.

அவர் யாரையும் பார்க்கவில்லை. அலமாரிக்குப் போய் மேல்தட்டிலிருந்து டம்ளரை எடுத்தார். மூடியை அதன்மேல் வைத்து அழுத்தினார். டம்ளரை மெத்தை நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியை அப்படியே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார். மூடி கிடுகிடுவென்று ஆட, எங்கள் வட்டத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார்.