கானை மூடிய மேடை

மண்சரிவிலிருந்து மக்களைக் காப்பாற்றும் ஒத்திகைக்காக, கோத்தகிரிக்குக் கீழே இருந்த தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லைனில் மேடை போட்டார்கள். மேடைக்குச் சமதளம் வேண்டும். மலையில் சமதளம் தானாகக் கிடைக்காது. லைன் வீடுகளுக்கு மேலே, சரிவில் இறங்கும் மழைத்தண்ணீரை ஓரமாகத் திருப்பி ஓடையில் விடும் கான் ஒன்று இருந்தது. அதில் மண்ணைக் கொட்டி மிதித்து, பலகை பரப்பி, சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். பேரிடரை எதிர்கொள்ளும் ஆயத்தத்தில் முதல் வேலை அப்படி முடிந்தது.

கானுக்கு நேர் கீழே இருந்தது உமாராணியின் வீடு. உள்ளே அவள் கணவன் முத்துவேல் கட்டிலில் கிடந்தான். எஸ்டேட் டிராக்டர் கவிழ்ந்ததில் தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். எழுந்து நிற்கக்கூடாது. ஆள் வேறு நல்ல கனம்.

"ஏனுங்க, கானை அடைச்சுப்போட்டீங்களே. மழை வந்தா தண்ணி எங்கூட்டுக்குள்ளதான் வரும்" என்றாள் உமாராணி.

அதைக் கேட்டவர் செந்தில்நாதன். கோவையிலிருந்து வந்த 'உயிர்க்கவசம்' அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர். ஆரஞ்சு நிறச் சட்டை, அதில் ஏகப்பட்ட பைகள், எந்தப் பையிலும் எதுவும் இல்லை.

"எனக்குத் தெரியாதுங்களா? விழா முடிஞ்சதும் தோண்டி விட்டுடறோம்."

"அதுவரைக்கும் மழை காத்திருக்குமுங்களா?"

"வானிலை பார்த்துத்தானுங்க தேதி வெச்சிருக்கோம்" என்றார், ஐப்பசியில் நீலகிரியில் தேதி வைத்தவர்.

அவருக்கு உண்மையாகவே தெரியும். கான் அடைபட்டால் மண் ஊறும், ஊறினால் இளகும், இளகினால் இறங்கும் என்று போன வாரம் திரையில் படம் போட்டு விளக்கியவரே அவர்தான். அம்பு போட்டுக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். உமாராணியும் தட்டினாள்.

பிறகு பாதிக்கப்பட்டவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பக்கத்து வீட்டுத் தனபாக்கியத்துக்கு மயக்கம் கிடைத்தது. காளிமுத்துவுக்குத் தலைக்காயம். சாயம் பூசியபோது, "வேட்டியில படாம பூசுங்க, நாளைக்குக் கல்யாணத்துக்குப் போகோணும்" என்று கேட்டுக்கொண்டார். கால்முறிவு மட்டும் பாக்கி.

"எங்கூட்டுக்காரரு நெசமாலுமே கால் ஒடிஞ்சு கெடக்கறாருங்க. அவரையே தூக்குங்க. அந்தச் சாக்குல பத்திரமா வெளிய வந்த மாதிரியும் ஆச்சு" என்றாள் உமாராணி.

செந்தில்நாதன் வாசலில் நின்றபடி முத்துவேலைப் பார்த்தார். சந்தையில் கிடா பார்ப்பவர் போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "வேண்டாமுங்க. வலியில கத்துவாரு. தூக்கறவங்களுக்கு மூச்சு வாங்கும். வீடியோல நல்லா வராது."

ஆகவே கால்முறிவு ஹுமாவுக்குப் போனது. குன்னூரிலிருந்து வேனில் அழைத்து வந்த நர்சிங் மாணவிகளில் அவள்தான் ஒல்லி. காலுக்கு வெள்ளை வெளேரென்று கட்டுப் போட்டுவிட்டார்கள். அவள் நொண்டாமல் நடந்து வந்து முத்துவேலை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, உங்க வேஷத்த எனக்குக் குடுத்துட்டாங்க."

"வெச்சுக்கோம்மா. வலி மட்டும் எங்கிட்டயே இருக்கட்டும்."

சிறப்பு விருந்தினர் நல்லசாமி, பம்புசெட் தொழிலதிபர், அறக்கட்டளையின் புரவலர். அவர் வருவார், விளக்கு ஏற்றுவார், பொன்னாடை வாங்குவார், பேசுவார். கடைசியாக விசில் ஊதுவார். ஊதியதும் மண் சரியும், மீட்புப்படை பாயும். அவர் ஊதாமல் மண் சரியக்கூடாது என்பது ஏற்பாடு.

காலையிலேயே தூறல் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் கொட்டத் தொடங்கியது. மேட்டுப்பாளையம் சாலையில் மண் விழுந்து நல்லசாமியின் கார் வழியில் நிற்பதாகப் போன் வந்தது. மண்சரிவு ஒத்திகையைத் தொடங்கிவைக்க வந்தவரை மண்சரிவே மறித்திருக்கிறது. அந்தக் கூட்டத்தில் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டவர் ஒருவரும் இல்லை. தாமதமாக எடுத்துக்கொண்டார்கள்.

"விருந்தினர் வந்துகொண்டே இருக்கிறார். பாதிக்கப்பட்டோர் யாரும் இடத்தை விட்டு நகர வேண்டாம்" என்றது மைக்.

நனைந்த பாயில் கிடந்த தனபாக்கியம் தலையைத் தூக்கினாள். "ஏனுங் சார், மயக்கம் தெளிஞ்சு ஒரு டீ குடிச்சுப்போட்டு மறுக்கா மயங்கட்டுங்களா?"

உமாராணி வீட்டுக்குள் ஓடிப் பார்த்தாள். பின்சுவரில் செம்மண் நீர் கசிந்து தரையில் பரவியிருந்தது. சுவர் நடுவில் உப்பியிருந்தது. கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது.

"நீ போய் ஆளைக் கூட்டியா" என்றான் முத்துவேல். குரலில் கேலி இல்லை.

அவள் மேடைக்கு ஓடினாள். "செவுரு விழப்போகுதுங்க. ஸ்ட்ரெச்சரைக் குடுங்க, நாலு பேரை அனுப்புங்க."

"இப்பப் போனா எல்லாஞ் சேறாயிருமுங்க. சார் கடைசி வளைவுக்கு வந்துட்டாரு. அவரு வந்து ஊதட்டும், மொத ஆளா உங்க வீட்டுக்காரரைத்தான் தூக்கறோம்."

"அவரு விசில் ஊதறதுக்குள்ள எம்புருசனுக்குச் சங்கு ஊதிருவாங்க!"

செந்தில்நாதன் மைக்கைக் கையால் பொத்தினார். அந்த நேரத்தில் அவர் செய்த ஒரே பாதுகாப்பு நடவடிக்கை அது.

ஹுமா எழுந்தாள். காலில் போட்டிருந்த கட்டை உருவி எறிந்துவிட்டு ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைத் தூக்கினாள். காளிமுத்து மறுமுனையைப் பிடித்தார். மூன்று பேரும் ஓடினார்கள். வீட்டு வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றுவிட்டது. லைன் வீட்டில் வாசலைத் தாண்டினால் உடனே அடுப்படிச் சுவர். நீளக் கம்பு திரும்பாது. ஒத்திகை பார்த்ததெல்லாம் மேடையிலிருந்து வேன் வரைக்கும்தான். லைன் வீட்டுக்குள் ஒருமுறைகூட நுழைத்துப் பார்க்கவில்லை.

"அதைப் போடுங்க அந்தாண்ட" என்று கத்திக்கொண்டே தனபாக்கியம் வந்தாள். கையில் மேடையிலிருந்து கிழித்த ஃபிளெக்ஸ் பேனர். அதில் நல்லசாமி ஆளுயரத்துக்குக் கும்பிட்டபடி சிரித்தார். அதை முத்துவேலுக்கு அடியில் செருகி, இலை மூட்டையைச் சேர்த்துப் பிடிப்பதுபோல நாலு மூலையையும் முறுக்கிப் பிடித்தார்கள். தினம் எடை போடும் இடத்துக்கு மூட்டை தூக்குகிற கைகள். மூட்டை வளைந்தது, அடுப்படியைச் சுற்றித் திரும்பியது, வாசலைக் கடந்தது. முத்துவேல் அலறினான்.

"கத்தாதீங்க, வீடியோல நல்லா வராதாம்" என்றாள் உமாராணி. அவள் பல் நறநறத்தது.

அவனை மாணவிகளின் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பின்சுவர் விழுந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஈர மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது.

அப்போதுதான் கார் வந்தது. செந்தில்நாதன் குடையுடன் ஓடினார். பொன்னாடையை அணிந்தபடியே நல்லசாமி மேடையை ஒரு பார்வை பார்த்தார்.

"பேனர் வைக்கலியா?"

"வெச்சோம் சார். இப்ப... பயன்பாட்டுல இருக்குதுங்க சார்."

வேனுக்குள் பார்த்த நல்லசாமி, பேனரில் தன் நெற்றியின் மேல் சேற்றுக்கால் ஒன்று நீட்டிக் கிடப்பதைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். செந்தில்நாதன் உமாராணியிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க தூக்கினது ஒண்ணும் பதிவாகலீங்க. கேமராவுக்கு மேல துணி போட்டிருந்தோம், மழைன்னு. அவரை ஒருக்கா வாசல் வரைக்கும் கொண்டுபோய்ப் படுக்க வெச்சீங்கன்னா, சார் ஊதினதும்..."

உமாராணி அவர் முழங்கையைப் பிடித்தாள். "வாங்க. எங்க படுக்க வைக்கிறதுன்னு நீங்களே காட்டுங்க."

வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். கட்டில் தெரியவில்லை. அது இருந்த இடத்தில் செம்மண்ணும் செங்கல்லும் இடுப்பளவு குவிந்திருந்தன. ஒரு மூலையில் தலையணையின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது.

"காட்டுங்க."

அவர் தலையணையைப் பார்த்தார். "அறக்கட்டளை சார்புல புதுக் கட்டில் தந்துடறோமுங்க."

"போனது கட்டில்னா நெனைக்கறீங்க?"

உடைந்த சுவர் வழியே தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருந்தது. தரையைத் தாண்டித் தனபாக்கியத்தின் வீட்டுப் பக்கம் திரும்பியது. உமாராணி மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மேடையில் நல்லசாமி பேசத் தொடங்கியிருந்தார். "இயற்கையோடு போராடும் இந்த எளிய மக்கள்..." உமாராணியின் பின்னால் வந்த லைன் பெண்கள் கானைத் திறக்க மேடையின் ஓர் ஓரத்திலிருந்து பலகைகளைப் பிடுங்கினார்கள். கம்பளம் சுருண்டு ஒதுங்கியது. தனபாக்கியம் அண்ணாந்து பார்த்து, "கொஞ்சம் அப்படிக்கா நகருங்க சார்" என்றாள். அவர் நகர்ந்துகொண்டே பேசினார். விழிப்புணர்வு பற்றிப் பேசினார். இன்னொரு பலகை போனது. ஒற்றுமை பற்றிப் பேசினார்.

"விழா இன்னும் முடியலீங்க!" என்று கீழே இருந்து கத்தினார் செந்தில்நாதன்.

உமாராணி திரும்பிப் பார்க்கவில்லை. நல்லசாமி நின்ற கடைசிப் பலகைக்கு அடியில் மண்வெட்டியை ஓங்கி இறக்கினாள். "எறங்குங்க" என்றாள். அவர் இறங்கினாரா என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. மிதித்து இறுக்கிய மண் கல்லைப் போலிருந்தது. மறுபடி ஓங்கினாள்.