படத்தில் நிற்பவரின் உயரம்

…நிற்பவரின் உயரம் என்ன, இவ்வளவுதான் கேள்வி, மூன்று மணிக்குள் பதில் வேண்டுமாம், கேட்டிருப்பவரும் லேசுப்பட்ட ஆளில்லை, போர் வண்டிக் கணினி விளையாட்டின் மூத்த வரலாற்று ஆலோசகர், ஏதோ பனி தேசத்தில் உட்கார்ந்துகொண்டு டாங்கியில் ஒரு ஆணி குறைந்தாலும் பொங்கி எழுகிறவர்… கஜேந்திரன் ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே கடைமாடி அறையில் கணினித் திரையைப் பார்த்தபடி இருந்தான், கீழே சிவனொளிபாத மலை யாத்திரை சீசன் பஸ்காரன் நல்லதண்ணி நல்லதண்ணி என்று ஊர்ப்பேரைத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான், திரையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கணினியில் ஒரு டாங்கியை உருவாக்க எட்டு மாத வேலை, வெளிநாட்டில் செய்து நம் ராணுவத்துக்கு விற்ற டாங்கி, இங்கே எவனோ ஒரு வெல்டிங்காரன் பின்பக்கம் இரும்புப் பெட்டி ஒட்டித் திருத்திய டாங்கி, அதை விளையாட்டுக்குள் ஏற்றிவிட்டால் நம் நாட்டின் பேரில் ஓடப்போகும் முதல் வண்டி, செய்தவர் கஜேந்திரன் என்று அடியில் பேரும் வரும். அதற்குள் நாற்பது நாள் இணையத்தில் பேரறிஞர்கள் சபை கூடிச் சண்டை, இதைச் செய்த நாட்டின் வரிசையில் வைப்பதா, வாங்கிய நாட்டின் வரிசையிலா, ஏற்றுமதிச் சரக்குக்குத் தனிக்கொடி எதற்கு என்று ஒரு மேதை… கஜேந்திரனுக்குச் சிரிப்பு வந்தது, நாலு தலைமுறை இங்கேயே கொழுந்து பறித்தும் அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் இந்தியத் தமிழர் என்றுதானே எழுதினான், டாங்கிக்காவது நாற்பதே நாளில் தீர்ந்துவிட்டது.

இனிப் பாக்கி அந்தப் பெட்டியின் உயரம் மட்டும். போய் அளக்கலாம் என்றால், வன்னியில் சாலையோரம் காட்சிக்கு வைத்திருந்த அந்த டாங்கியை எப்போதோ தூக்கிப்போய்விட்டார்கள், மிஞ்சியது இந்த ஒரு படம், அதிலும் ஒட்டுப்போட்ட பின்மூலைதான் தெரிகிறது, அளவு தெரிந்த தொழிற்சாலைப் பாகம் ஒரு அங்குலம்கூட இல்லை, பெட்டியின் பக்கத்தில் அக்கா வீரம்மா, ஆகவே அவள் உயரம் தெரிந்தால் பெட்டியின் உயரம் தெரியும். அக்காவைப் பற்றி உலகம் கேட்ட முதல் கேள்வி இதுதான். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு சித்தப்பா குடும்பத்தோடு தோட்டத்து லயத்தை விட்டு வன்னிக்குப் போனாளே, அப்போது யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கடைசி யுத்தத்தில் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது ஷெல் விழுந்து வலது கால் போனதே, அப்போதும்தான்… மச்சானுக்குத் தெரியாமலா இருக்கும், முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர், போனை எடுத்தான், அந்தப் பக்கம் மச்சான் அழகன், இவன் கேட்டான், மச்சான், அக்கா எவ்வளவு ஒசரம் இருக்கும்? என்ன மாப்ள, செத்து எட்டு வருசம் ஆச்சு, இப்ப வந்து அளவெடுக்குற? ஒரு வேலைக்கு வேணும் மச்சான். காலு போறதுக்கு முன்னாடியா, பொறகா? பொறகு என்றான் கஜேந்திரன். பொறகுன்னா பொய்க்கால மாட்டினா ஒரு ஒசரம், கழட்டினா ஒரு ஒசரம், அது வேற யாருக்கோ செஞ்ச காலு மாப்ள, அரை இஞ்சு நீளம், ஒரு பக்கம் தூக்கிக்கிட்டேதான் நிப்பா… என் தோளுக்கு வருவான்னு வையி, ஆனா நானே இப்ப கூனிப்போயிட்டேனே. மச்சான் சிரித்தார், சிரிப்பு பாதியில் இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது.

அவர் தோளை விடு, என் உயரத்துக்கு அவள் எதுவரை வருவாள், தோளா, காதா… கண்ணை மூடிப் பார்த்தான். அவள் வன்னிக்குப் போனபோது இவனுக்கு ஐந்து வயது, அவள் பாவாடை ஓரம் நினைவிருக்கிறது, சாயம்போன பச்சை, அதற்கு மேலே நினைவு ஏறவில்லை. பிறகு இருபத்தொன்பது வருஷம் கழித்துத் தேடிப்போனபோது அவள் தகரக் கொட்டில் வாசலில் உட்கார்ந்திருந்தாள், இவனும் உட்கார்ந்தான், சோறும் உட்கார்ந்து, அழுகையும் உட்கார்ந்து, வழியனுப்ப வந்த பஸ்ஸிலும் உட்கார்ந்தே வந்தாள், டாங்கியைப் பார்க்க எல்லாரும் இறங்கியபோதுதான் எழுந்தாள், கால் வலிக்கிறதென்று பெட்டியில் கையை ஊன்றிக்கொண்டாள், இவன் பத்தடி தள்ளிப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். என்னையவா எடுக்குற என்றாள். ஆமாக்கா, ஒன்னத்தான் என்றான், குறி வைத்தது பெட்டிக்கு, அவள் அதை நம்பி முந்தானையை இழுத்துச் செருகி, நல்ல காலின் விரல்களில் எக்கி நிமிர்ந்தாள், ஆக இந்த உயரமும் அவள் உயரமில்லை.

திரையில் புதிதாக ஒரு வரி, ஆலோசகர் பொறுமை இழந்துவிட்டார், தெரியாவிட்டால் தெற்காசியப் பெண்ணின் சராசரியைப் போடுங்கள், நூற்று ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர், ஆளை எப்படியும் படத்திலிருந்து வெட்டிவிடுவோம். எவ்வளவு சுலபம். ஒன்று, ஐந்து, இரண்டு, கஜேந்திரன் அடித்தான், அனுப்பும் பொத்தானில் விரல் நின்றது… ஒருதரம் பக்கத்தில் நின்றிருந்தால் போதுமே, என் உயரம் எனக்குத் தெரியும், அவள் உயரம் தானாக வந்திருக்கும், ஏன் நிற்கவில்லை, அவள் கூப்பிடாமல் இருந்தாளா என்ன, கூப்பிட்டாள், தம்பி நீயும் வாயேன், சேந்து நிப்போம், கண்டக்டர எடுக்கச் சொல்லு, என்று கையை நீட்டினாள், இவன்தான் போனிலிருந்து கண்ணெடுக்காமல், வேணாங்க்கா, மறைக்கும் என்றான்… எதை மறைக்கும் என்று அவள் கேட்கவில்லை.