ஹல்டா பொய் சொல்லாத மத்தியானம்

எங்கள் ஹல்டா ஒரு வாத்து. வாயைத் திறந்தால் பொய்தான். ஒவ்வொரு பொய்க்கும் அவள் உடம்பிலிருந்து ஓர் இறகு உதிரும். கதை முடிகிற நேரத்தில் மொட்டையாகி, மேசைவிரிப்பைச் சுற்றிக்கொண்டு ஒபதியா என்ற ஆட்டுக்கடாவின் முன்னால் வந்து நின்று, "இது இந்த வருஷத்து ஃபேஷன்" என்பாள். உதிர இறகு மிச்சம் இல்லாததால் மேசைவிரிப்பு நழுவி விழும். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஒபதியா உண்மை பேசுவதைப் பற்றி ஒரு வேத வசனத்தைச் சொல்லிவிடும்.

மிச்சிகன் ஏரிக்கரையில், எங்கள் சபையின் நிலவறையில்தான் இந்தக் கார்ட்டூன் தொடர் உருவாயிற்று. கதை எழுதியது நான். படங்களை நானும் இரண்டு நண்பர்களும் கையால் வரைந்தோம். வீடியோ கேசட்டுகளாக அது ஞாயிறு பள்ளிகளுக்கும் பக்கத்து ஊர்களுக்கும் போனது. ஹல்டாவுக்குக் குரல் கொடுத்தவள் என் அக்கா லவான்.

லவான் நடிகை இல்லை. மாவட்டச் சாலை அலுவலகத்தில் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து, பனி தள்ளும் வண்டிகளுக்கு வழி சொல்வது அவள் வேலை. ஆனால் அவள் பேச்சில் எவரும் தப்ப முடியாது. ஒருமுறை எங்கள் சபை மூப்பர் ஒருவர் ஆராதனை முடிந்ததும் அவளை மறித்து, "தேவனுடைய வார்த்தையைப் போய் வாத்து, ஆடு வாயில எல்லாம் வெக்கலாமா லவான்?" என்று கடிந்துகொண்டார். "வேதத்துல பிலேயாம்கிட்ட கழுதை பேசலையா ஐயா? கழுதைக்கு ஒரு நியாயம், வாத்துக்கு ஒரு நியாயமா?" என்றாள் இவள். அவர் காப்பிக் கோப்பையோடு நகர்ந்துவிட்டார்.

அந்த ஜனவரியில் ஏரியிலிருந்து பனி ஓயாமல் வந்தது. லவானுக்கு வேலையிலிருந்து தலையெடுக்க முடியவில்லை. புதிய கதைக்கு அவள் குரல் வேண்டும் என்பதால், சாப்பாட்டு இடைவேளையில் பதிவு செய்துகொள்ளலாம் என்று டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு நானே அவள் அலுவலகத்துக்குப் போனேன். அவள் சாண்ட்விச்சைப் பிரிப்பதற்குள் வயர்லெஸ் கரகரத்தது.

"லவான், நான் ஆர்டித். தீவன மில் ரோட்டுல பஸ் பள்ளத்துல இறங்கிடுச்சு. எஞ்சினும் நின்னுபோச்சு. எனக்கு முன்னால கையை நீட்டினா கைகூடத் தெரியல."

ஆர்டித் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். புயல் வருகிறது என்று பள்ளியை முன்கூட்டியே விட்டிருந்தார்கள். புயல் அதைவிட முந்திக்கொண்டது. பின்னணியில் பிள்ளைகள் அழுவது கேட்டது. சின்ன வகுப்புப் பிள்ளைகள்.

லவான் இன்னொரு மைக்கை இழுத்தாள். "ஹார்லன், எங்க இருக்கே? எல்லாத்தையும் விட்டுட்டு தீவன மில் ரோட்டுக்குத் திரும்பு. ஆர்டித் பஸ்ஸோட மாட்டிக்கிட்டா."

"திரும்பறேன். ஆனா ரோடே தெரியல லவான். ஊர்ந்துதான் வரணும்" என்றான் ஹார்லன். பனி தள்ளும் வண்டிக்காரர்களிலேயே நிதானமானவன் அவன். அவனே ஊர்ந்துதான் வரவேண்டும் என்றால் நிலைமை மோசம்.

ஆர்டித்தின் குரல் மறுபடி வந்தது. "பிள்ளைங்கள அடக்க முடியல. ஒண்ணு அழுதா எல்லாம் அழுவுது. ஒரு பையன் நடந்தே வீட்டுக்குப் போறேன்னு கதவத் தள்றான்."

அந்தக் குளிரில் கதவைத் திறப்பதைவிட ஆபத்து வேறில்லை. லவான் ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு மைக்கின் பொத்தானை அழுத்தி, மூக்கால் வாத்துபோல ஒரு கத்து கத்தினாள்.

"யாருடா அது என் கதவத் தள்றது? உள்ள குளிர் வந்தா என் இறகெல்லாம் சிலிர்த்துக்கும்ல!"

அழுகை சட்டென்று நின்றது. "ஹல்டா!" என்று யாரோ கத்தினார்கள். "ஹல்டா ரேடியோவுல இருக்கா!"

"இருக்கேன், இருக்கேன். எல்லாரும் நடு சீட்டுக்கு வாங்க. கோழிக்குஞ்சு மாதிரி ஒட்டி உக்காருங்க. ஆர்டித் அத்தை கோட்டுக்குள்ள யாருக்கு இடம்? கவலப்படாதீங்க, அரை மணியில வண்டி வந்துடும்."

பிறகு ஒரு சிறுமியின் குரல், மிகத் தெளிவாக:

"ஹல்டா, இப்ப ஒரு இறகு விழுந்துச்சா?"

லவானின் விரல் பொத்தானிலிருந்து விலகியது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மெர்ல், நான் என்னடா சொல்லுவேன்?"

அந்த வாத்தைப் பொய்க்காரியாக எழுதியது நான்தான். பிள்ளைகள் பாடத்தை நன்றாகவே படித்திருந்தார்கள். எத்தனையோ வேடிக்கை வசனம் எழுதிய நான், "பாட்டு ஏதாவது பாடேன்" என்றேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். மறுபடி பொத்தானை அழுத்தினாள். குரல் ஹல்டாவுடையதுதான், ஆனால் மெதுவாக வந்தது.

"விழுந்துச்சு கண்ணு. ஒண்ணு இல்ல, கொத்தா விழுந்துச்சு. வண்டி எப்ப வரும்னு எனக்குத் தெரியாது."

இனி அத்தனை பிள்ளைகளும் அலறப் போகிறார்கள் என்று நினைத்தேன். அலறவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரிஞ்சத மட்டும் சொல்றேன். ஹார்லன்னு ஒருத்தர் பெரிய வண்டியில உங்களத் தேடித்தான் வர்றாரு. அவருக்கு ரோடு தெரியல, அதனால மெதுவா வர்றாரு. ஆனா திரும்பிப் போக மாட்டாரு. அப்புறம் நான். நீங்க எல்லாரும் இறங்கற வரைக்கும் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன்."

"இதுக்கு?" என்றாள் சிறுமி.

"தடவிப் பாத்துட்டேன். ஒண்ணுகூட விழல."

பிள்ளைகள் சிரித்தார்கள். அதன்பின் அவளை விடவே இல்லை. பொய்க்கார வாத்து உண்மை பேசுகிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஒபதியாவின் மேல் நாற்றம் அடிக்குமா? அடிக்கும், மழையில் நனைந்தால் இன்னும் மோசம். பக்கத்து வீட்டு ஆப்பிள் பணியாரத்தைத் தின்றது யார்? நான்தான். இடையிடையே மற்ற மைக்கில் தன் சொந்தக் குரலில், "ஹார்லன், இடது பக்கம் வேலி தட்டுப்படுதா? அந்த வேலியை விடாதே" என்பாள். அடுத்த நொடி வாத்தாகி, "எல்லாரும் காலை உதறுங்க, கையைத் தட்டுங்க" என்பாள். தூங்கிப்போக யாரையும் விடவில்லை.

"ஹல்டா, உன் வயசு என்ன?" என்று ஒரு பையன் கேட்டான்.

"முப்பத்தி..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். என்னைப் பார்த்து முறைத்தாள். "சரி. நாப்பத்தி மூணு."

பெற்ற தாய்க்கே மறந்துபோகும் அளவுக்குத் தன் வயதை மறைத்து வைத்திருந்தவள் அவள். அலுவலகத்தில் கூடிவிட்டிருந்த அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்களில் சிலருக்குக் கண்ணில் நீரும் இருந்தது.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது ஹார்லனின் குரல் உடைந்து வந்தது. "மஞ்சள் தெரியுது லவான். பஸ்ஸோட மஞ்சள் தெரியுது!"

பிள்ளைகள் ஒவ்வொருவராக அவன் வண்டிக்கும், அவன் பின்னால் வந்த மீட்பு வேனுக்கும் மாறினார்கள். எல்லோருக்கும் கை கால் விறைத்திருந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. கடைசியாக இறங்கிய ஆர்டித், "முடிஞ்சுது லவான், எல்லாரும் இறங்கியாச்சு" என்றபோதுதான் அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். கால் மரத்துப்போய், என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

டேப் ரெக்கார்டர் என் மடியிலேயே இருந்தது. அதன் பொத்தானை நான் தொடவே இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில், "இதையே அடுத்த கதையா எடுத்துடலாம்க்கா. இதைவிட நல்ல கதை எனக்கு வராது" என்றேன்.

"வேணாம்டா. அது அந்தப் பிள்ளைங்களோடது" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. உண்மையைப் பற்றி எத்தனையோ கேசட்டுகள் எடுத்தோம். அவற்றில் ஒன்றுகூட அந்த மத்தியானத்தின் பக்கத்தில் நிற்காது.

சாலைகள் சீரான பிறகு இருவரும் இறைச்சிக்கடைக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் ஒரு சிறுமி தன் தாயிடம் கையை வீசி வீசிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "ஹல்டா என்கிட்டதாம்மா பேசுனா. நான்தான் இறகு விழுந்துச்சான்னு கேட்டேன். என்கிட்ட அவ நிஜத்த சொன்னா!" ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் பேசியது யார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிந்த பெரியவர்கள் யாரும் அதை உடைக்கவில்லை.

இதோ, உன் பின்னால் நிற்கிறாளே, இவள்தான், என் அக்கா என்று கடையே அதிரச் சொல்ல வாயைத் திறந்தேன். லவான் தன் கனத்த பனிக்காலணியால் என் காலை மிதித்தாள். பிறகு கல்லாக்காரரைப் பார்த்து, தன் சாதாரணக் குரலில், புகையூட்டின சாசேஜ் இரண்டு வளையம் கேட்டாள்.