தவக்காலம் முடிந்த பிறகு

ஈஸ்டர் அன்று மத்தியானம் பிலோமினா மகளின் தட்டில் ஒரு கரண்டி பிரியாணி வைத்தாள். ஜெசிந்தா தட்டை மெல்ல அப்பா பக்கம் நகர்த்தினாள்.

"வேணாம்மா. பசிக்கல."

"ஒருசந்தி நோன்பெல்லாம் முடிஞ்சிடுச்சுடி. ஆண்டவரே உயிர்த்துட்டாரு, நீ இன்னும் யாருக்காக இருக்க?" என்று பிலோமினா சிரித்தாள். கணவன் மைக்கேல்ராஜும் சிரித்தான். மகள் சிரிக்கவில்லை. தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்து போய் வாசலில் கோலிக்குண்டு விளையாடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. பிலோமினாவுக்கு அன்றைக்கு எந்தப் பயமும் வரவில்லை. இத்தனை பக்தியான பெண்ணை யார் பெற்றிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

ஜெசிந்தாவுக்கு அப்போது பதினாறு வயது. பி.யு.சி. முதல் வருஷம், அதாவது பதினொன்றாம் வகுப்பு. அந்தத் தவக்காலம் தொடங்கும்போது கறி மீனை விட்டாள். பிறகு டீயில் சர்க்கரையை விட்டாள். பிறகு ராத்திரிச் சோற்றை. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து கோயில் வாசலில் நின்று பேசுகிற பெண்களிடம் இதையெல்லாம் பிலோமினாதான் சொன்னாள். யாரும் கேட்காமல் அவளாகவே சொன்னாள். "எங்க வீட்டுப் புள்ளைங்க நாக்க அடக்க மாட்டேங்குதுங்க, உன் பொண்ணப் பாரு" என்று அவர்கள் சொல்லும்போது ஆஸ்டின் டவுனிலேயே தன் வீட்டின் மீது மட்டும் ஏதோ வெளிச்சம் விழுவதுபோல் இருக்கும் அவளுக்கு. ஜெசிந்தா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

மழைக்காலம் வருவதற்குள் பெண்ணின் சுடிதார் தோளில் நிற்காமல் வழுக்கியது. வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள். மாதவிலக்கு நின்றுபோயிருந்தது. அதை அவள் சொல்லவில்லை, பிலோமினாவாகத்தான் ஒருநாள் யோசித்துப் பார்த்துத் திடுக்கிட்டாள். பக்கத்துத் தெரு டாக்டர் டி.பி.யாக இருக்கும் என்று எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இன்னொருவர் வயிற்றில் பூச்சி என்றார். ஜெபக்கூட்டத்தில் தலைமேல் கை வைத்து உரக்க மன்றாடினார்கள். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. பீன்யாவில் லேத் மெஷினில் நிற்கிற மைக்கேல்ராஜ், கூட வேலை செய்பவர் யாரோ சொன்னார் என்று மனநல ஆஸ்பத்திரியின் பேரை எடுத்தபோது பிலோமினா கத்தினாள். "எம் பொண்ணு பைத்தியமா? நாளைக்கு எவன் கட்டுவான்?"

அதிலேயே தீபாவளி வந்து போய்விட்டது.

கடைசியில் கூட்டிக்கொண்டு போனபோது ஜெசிந்தாவால் ஆஸ்பத்திரிப் படியை ஒரே மூச்சில் ஏற முடியவில்லை. பிள்ளைகளுக்கென்று அங்கே தனி வார்டு இருந்தது. டாக்டர் வீணா மைசூர்க்காரர். தமிழில் கன்னடம் கலந்து பேசுவார். ஜெசிந்தாவைப் படுக்கவைத்து நாடி பார்த்தார், நிற்கவைத்து மறுபடி பார்த்தார். கையில் புதிதாக முளைத்திருந்த பூனைமுடியைத் தடவிப் பார்த்தார். இதயத்துக்குப் படம் எடுக்க அனுப்பினார். பிறகு அவளோடு மட்டும் தனியாக வெகுநேரம் பேசிவிட்டு அப்பா அம்மாவை உள்ளே கூப்பிட்டார்.

"நோடி, பாருங்கம்மா, இது பிடிவாதம் இல்ல. பேயும் இல்ல. இது ஒரு நோய். இங்க இந்த மாதிரி ரொம்ப பேர் வர்றதில்ல, ஆனா வர்றாங்க."

"எங்க வீட்ல சோத்துக்குப் பஞ்சமில்ல மேடம்," என்றாள் பிலோமினா.

"தெரியும். சாப்பாடுதான் இப்ப இவளுக்கு மருந்து. மூளைக்கே தீனி இல்ல, அதுகிட்ட போய் நியாயம் பேச முடியாது. முதல்ல கொஞ்சம் கொஞ்சமா கொடுப்போம். ஒரேயடியா போட்டா நெஞ்சு தாங்காது. அம்மாவோ அப்பாவோ ஒருத்தர் கூடவே இருக்கணும். அவ சாப்பிடறப்போ நீங்களும் பக்கத்துல உக்காந்து சாப்பிடணும். முடிஞ்சதும் எழுந்து நடக்க விடக்கூடாது."

பிலோமினா வார்டில் தங்கினாள். ஒரு கிண்ணம் பொங்கல் காலியாக மத்தியானம் ஆகிவிடும். ஜெசிந்தா ஒவ்வொரு வாயையும் ஏதோ அசிங்கத்தை விழுங்குவதுபோல் விழுங்கினாள். அழுதாள், திட்டினாள், துப்பினாள். மைக்கேல்ராஜ் ஷிப்ட் முடிந்து வந்து, எண்ணெய்க்கறை போகாத கையோடு அவளெதிரே உட்கார்ந்து, பேசாமல் தன் பங்கைச் சாப்பிடுவான். சில வாரங்களில் கன்னத்தில் லேசாக நிறம் திரும்பியது. ஒரு சாயங்காலம் அம்மாவின் மடியில் தலைவைத்துக்கொண்டு அவளாகவே சொன்னாள்.

"எல்லாரும் நல்ல பொண்ணு நல்ல பொண்ணுன்னு சொன்னாங்கல்லம்மா. ஒரு வாய் சாப்பிட்டாலும் அது போயிடும்னு இருந்துச்சு."

பிலோமினா அவள் தலையை நீவிக்கொண்டே இருந்தாள்.

இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே பொறுத்திருந்திருக்கலாம். மைக்கேல்ராஜின் அண்ணன் ஓஸ்வால்ட் வீட்டில் கல்யாணம் வந்தது. ஜெசிந்தா ஆனேக்கல்லில் அத்தை வீட்டில் இருக்கிறாள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கும் வராவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஜெசிந்தாவும் கெஞ்சினாள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா. நீ போட்டா நான் சாப்புடுறேன். மாதா மேல சத்தியம்."

"இப்ப வேண்டாம்மா," என்றார் டாக்டர். "உடம்பு கொஞ்சம் ஏறியிருக்கு. பயம் இன்னும் இறங்கல."

மைக்கேல்ராஜும் தயங்கினான். "அந்தம்மா சொல்றத கேப்போம் பிலோ." பிலோமினா கேட்கவில்லை. தன் கையால் போட்டால் தன் பிள்ளை சாப்பிடாமலா போகும்? துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கூட்டிவந்துவிட்டாள்.

கல்யாண மண்டபத்தில் ஜெசிந்தா வெங்காயக்கலர் பட்டு கட்டியிருந்தாள். "அய்யோ, எவ்ளோ ஸ்லிம்மா அழகா இருக்கா! என்ன சாப்புடுறம்மா நீ?" என்று ஓஸ்வால்ட் மனைவி கன்னத்தைக் கிள்ளினாள். பிலோமினா மகள் முகத்தைப் பார்த்தாள். கோயில் வாசலில் புகழ்ச்சி கேட்டு நின்ற நாட்களின் பழைய வெளிச்சம் அந்தக் கண்களில் ஏறுவது அவளுக்குத் தெரிந்தது. அவள் கையைப் பிடித்து அப்படியே திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். பந்தியில் இடம் பிடிக்கத்தான் போனாள்.

பிறகு சத்தியமெல்லாம் ஜன்னலுக்கு வெளியே போய் விழுந்தது, இட்லியும் சோறுமாக. பிலோமினா கெஞ்சினாள், அடித்தாள், ஒருநாள் தாடையைப் பிடித்து அழுத்தி ஊட்டினாள். பெண் குழாயடியில் மயங்கி விழுந்த அன்று ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். டாக்டர் வீணா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருந்தது. கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி பிலோமினாவை நிற்கவைத்தார்கள். ஜெசிந்தா இமைக்காமல் அம்மாவையே பார்த்தாள். குழாய் உள்ளே போன பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவள் அப்பா எதிரில் சாப்பிட்டாள். வார்டு ஆயா சந்திரம்மா கதை பேசிக்கொண்டிருந்தால் சாப்பிட்டாள். அம்மா வந்தால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள். ஒரு வருஷப் படிப்பு போனது. வார்டுக்கும் வீட்டுக்குமாக, வாராவாரம் டாக்டரைப் பார்த்துப் பேசிப்பேசி, மெதுவாகத்தான் கரையேறினாள். குடும்பத்தோடு உட்காரவைத்துப் பேசிய ஒரு நாளில் பிலோமினா கேட்டேவிட்டாள்.

"எல்லார் முன்னாடியும் சாப்புடுறா மேடம். என் முன்னாடி மட்டும் ஏன் மாட்டேங்கறா?"

டாக்டர் ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அம்மா எண்ணும். ஒவ்வொரு வாயும் எண்ணும். எனக்குச் சத்தமே கேக்கும்."

"நான் எண்ணலடி," என்றாள் பிலோமினா. எண்ணியிருந்தாள். முதலில் விட்டதை எண்ணிச் சந்தோஷப்பட்டவள், பிறகு விழுங்கியதை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இப்போது ஜெசிந்தா ரிச்மண்ட் சர்க்கிள் பக்கம் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். தோழிகளோடு தனியாக வீடு எடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருவாள். அம்மாவின் முட்டிவலி பற்றி விசாரிப்பாள், அப்பாவோடு கேலி பேசுவாள். சாப்பிட்டுப் போயேன் என்று பிலோமினா சொல்வதில்லை. டிபன் பாக்ஸில் கட்டிக்கொடுப்பாள். அடுத்த வாரம் அது கழுவித் துடைத்துத் திரும்பி வரும்.

போன மாதம் ஒரு நாள் பிலோமினா கண் பரிசோதனைக்குப் போய்விட்டு பஸ்சில் வந்துகொண்டிருந்தாள். சிக்னலில் பஸ் நின்றது. ஜன்னலுக்கு வெளியே நடைபாதை ஓரமாக நின்று சாப்பிடுகிற ஒரு தர்ஷினி ஓட்டல். எட்டுகிற தூரத்தில், உயரமான மேசையைச் சுற்றி மூன்று பெண்கள். அதில் ஒருத்தி ஜெசிந்தா. கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது. எதற்கோ சிரித்துக்கொண்டே மசால் தோசையைப் பிய்த்தாள், சட்னியில் தோய்த்தாள், வாயில் போட்டுக்கொண்டாள். பேச்சு நிற்கவில்லை. பக்கத்துப் பெண்ணின் தட்டிலிருந்த வடையில் பாதியை அவள் கேட்காமலே எடுத்துக் கடித்தாள்.

பிலோமினா சட்டென்று முந்தானையைத் தலைமேல் இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். அந்த ஓரத்து இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்து சீட்டுக்காரி, "யாராவது தெரிஞ்சவங்களாம்மா?" என்று கேட்டாள்.

பிலோமினா இல்லை என்று தலையாட்டினாள். ஜெசிந்தா விரலில் ஒட்டியிருந்த சட்னியை நக்கிவிட்டு அடுத்த துண்டுக்குக் கை நீட்டினாள். சிக்னல் இன்னும் சிவப்பாகவே இருந்தது.